ரப்பரிடம் ஒரு வார்த்தை

தாம்பரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்காக மாபெரும் போர் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டர் தாமஸ். "மும்தாஜ் டீச்சர் காலையில போயிட்டாங்கண்ணா" என்றார். கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நடந்தேன். என் வீர வரலாற்றில் அது முதல் தோல்வி.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். பள்ளியை ஒட்டி மின்சார ரயில் போகும்போது நாமெல்லாம் செங்கல்பட்டு வரை கேட்கும்படி கத்துவோம். அவர் மட்டும் காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். "ரயிலோட என்ன சார் சண்டை, அதுக்கு ஊர் போகணும்" என்பார்.

தாளாளர் அவருடைய அறிவியல் வகுப்புக்கு வந்த நாளைச் சொல்லியே ஆகவேண்டும். கணவரை இழந்து, இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார் டீச்சர். தற்காலிக வேலை. அது நிரந்தரமாகுமா, போகுமா என்பது அன்று தாளாளர் கையில். தமிழாசிரியனான நான், பக்கத்து வகுப்பை அம்போவென்று விட்டுவிட்டு வாசலில் நின்றேன்.

கரும்பலகை ஆணியில் ரப்பர் பேண்டுகளைச் சங்கிலியாகக் கோத்து ஒரு கல்லைத் தொங்கவிட்டிருந்தார். மேசையில் ஐஸ் கட்டி, சூடான இஸ்திரிப் பெட்டி. கல்லையும் ரப்பரையும் தொடாமல் கல்லை மேலே கொண்டுவர வேண்டும். எதை ரப்பர் அருகே காட்டுவது?

பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் தாளாளரே சொல்லிவிட்டார். "ஐஸ்தாம்மா. குளிர்ந்தா சுருங்கும், சூடானா நீளும். இதுல என்ன புதிர்?"

என் இதயம் துடித்த துடிப்பில் தண்டவாளமே அதிர்ந்திருக்கும்.

டீச்சர் தலையாட்டினார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். எதுக்கும் ரப்பர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

இஸ்திரிப் பெட்டியை ரப்பர் அருகே பிடித்தார். கல் மெல்ல எழும்பியது. ஒரு விரற்கடைதான், என் கண்ணுக்கு இமயமலையே எழும்பியது. இழுத்துப் பிடித்த ரப்பர், உலகத்துக்கே நேர்மாறாகச் சூட்டில் சுருங்குமாம்.

தாளாளர் கிட்டே போய்க் கல்லைக் குனிந்து பார்த்தார். பிறகு, "ரப்பருக்கு நம்ம மேல மரியாதையே இல்லையே" என்று சிரித்தார். தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, "இந்தம்மா இங்கயே இருக்கட்டும்" என்றார்.

சூடேறினால் ஊதிப் பெருப்பவன் நான். அவரோ தன்னைச் சுருக்கிக்கொண்டு எதையாவது மேலே தூக்கிவிடுவார். அந்தக் கலை எனக்கு வரவில்லை. அவருடைய 'எதுக்கும்' மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அன்று மார்க்கெட்டிலிருந்து பாதி தூரம் நடந்தபின் தாமஸை மறுபடி கூப்பிட்டேன். "எதுக்கும் இன்னொரு தடவ விசாரிச்சுடு" என்றேன்.