என் தங்கை சொன்ன புதன்கிழமை

பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கிய மறு வருஷம், புதுச்சேரிப் பக்கம் குருவிநத்தத்தில் நடந்தது இது. என் தங்கை பூங்காவனம் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். பசித்தால்கூடச் சொல்லத் தெரியாது. ஆனால் எந்த வருஷத்துத் தேதியைச் சொன்னாலும் அதன் கிழமையைச் சொல்லிவிடுவாள். "அவ வாக்கு தப்பாது" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான்தான். கொஞ்ச நாளில் அவள் முன்னால் கற்பூரம் ஏற்றிக் குறி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் காதைப் பொத்திக்கொள்வாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அஞ்சலையின் கைக்குழந்தை காய்ச்சலில் மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பதறிப்போனேன்.

"இன்னாடி, இன்னும் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவல?"

"இருபதாந்தேதிக்குள்ள சரியாப்பூடுமான்னு உன் தங்கச்சிய கேட்டேங்கா. புதன்னு சொல்லிச்சு. நாளைக்குப் புதன்தானே?"

இருபதாம் தேதி என்ன கிழமையோ அதைத்தான் பூங்காவனம் சொல்லியிருக்கிறாள்!

அப்போதே வண்டி கட்டிப் புதுச்சேரிக்கு ஓடினோம். இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்காது என்றார் டாக்டர்.

தங்கை கிழமையைத்தான் சொன்னாள்; அதைக் குறியாக்கியது என் வாய். இப்போதெல்லாம் தேதி கேட்டு யார் வந்தாலும், "வூட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.