முகப்பரு பிடித்துக் கொடுத்த இடம்

இன்று காலை லஸ் முனையில் ஏறியதுமே டிராமில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பள்ளிக்கூட நேரத்தில்! நம்பமாட்டீர்கள்.

அத்தை சொன்னாளென்று நேற்று வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பருக்களின் மேல் அப்பியிருந்தேன். எவ்வளவு கழுவியும் மஞ்சள் போகவில்லை. அப்படியே ஏறிவிட்டேன்.

அவ்வளவுதான், பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துகொண்டார்கள். ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மாரியம்மா, தாயே" என்றாள்.

கண்டக்டர் கிட்டே வராமலே சொன்னார்: "இன்னாம்மா, அம்மை போட்டுக்கீது, வூட்ல இல்லாம டிராம்ல வர்றியே? எறங்கிக்கோ."

இறங்கினால் முதல் மணிக்கு வந்து சேர முடியாது. நம் பள்ளித் தலைமை அம்மாளைத்தான் தெரியுமே! வண்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: "அம்மை இல்லைங்க, பரு! முகப்பரு!"

"இந்த வயசுலயா?" என்றார் கண்டக்டர்.

"முப்பத்திநாலு வயசுலயும் வருதுங்க!"

வண்டியே சிரித்தது. எழுந்தவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அந்த மாமி மட்டும் என்னை ஒட்டி உட்கார்ந்து, வாயை மூடியிருந்த முந்தானையை விலக்கித் தாடையைக் காட்டினாள்.

"நேக்கு நாப்பது ஆயிடுத்து. இன்னும் வந்துண்டே இருக்கு. ஆத்துல சொன்னா சிரிப்பா. உங்களுக்கு எதாவது மருந்து கேட்டுதா?"

சந்தனம் கேட்கவில்லை, ஜாதிக்காய் கேட்கவில்லை. வேப்பிலைதான் இடமாவது பிடித்துக் கொடுத்தது.

சக உபாத்தியாயினிகளே, நம் அறைப் பலகையில் இதைக் குத்திவைக்கிறேன். உங்களுக்குக் கேட்ட மருந்தைக் கீழே எழுதுங்கள், மாமிக்கும் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம். கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துக்கொள்கிறேன்.