யன்னலோரக் கட்டில்

எங்கள் வீடு கதிரவெளியில். ஷெல் விழுந்து கூரை போன பிறகு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு செங்கலடியில் என் தங்கச்சி வீட்டில் வந்து இருந்தோம். அங்கே வைத்துத்தான் என் புருசன், இவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் அப்படியே விழுந்துவிட்டது. கால் நீட்ட இடமில்லாத வீட்டில் எழும்ப முடியாத மனுசனை எங்கே கிடத்துவது? வாவிக்கரையில் இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் கேட்டோம், மறுக்காமல் எடுத்தார்கள். அந்தப் புண்ணியம் அவர்களைச் சேரட்டும். நான் காலையில் போய்ச் சமையலுக்குக் கைகொடுப்பேன். இவரைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, சோறு ஊட்டிவிட்டு ஊரடங்குக்கு முதல் திரும்பிவிடுவேன்.

அறைக்குள் இரண்டு கட்டில், ஒரு யன்னல், மேலே தகரம். கரண்ட் இல்லாதபடியால் விசிறி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. யன்னலோரக் கட்டிலில் செட்டிபாளையத்து அண்ணன் ஒருவர் இருந்தார். வாவியில் தோணி வலித்த மனுசன், ஆனால் இழுப்பு நோய். ஈரக்காற்று நெஞ்சில் பட்டால் மூச்சு விசில் அடிக்கும். அதனால் பட்டப்பகலிலும் யன்னலைச் சாத்திக் கொளுக்கி போட்டுவிட்டு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு படுத்திருப்பார்.

இந்தப் பக்கம் இவர் வெந்துகொண்டு கிடந்தார். முதுகு எந்த நேரமும் ஈரம். வைகாசி பிறந்தபோது இடுப்புக்கு மேலே தோல் உரிந்து புண் வந்துவிட்டது. இல்லத்துப் பொறுப்பான அக்கா பார்த்துவிட்டு, “காத்துப் படாட்டி இது காயாது புள்ள. ஆழமாப் போனா நம்மளால ஏலாது, பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும்” என்றார். ரோட்டு எப்போது திறக்கும், எப்போது பூட்டும் என்று யாருக்குத் தெரியும்?

அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

“கட்டிலையாவது மாத்துவமா அண்ணே? நீங்க இந்தச் சுவர்ப் பக்கம் வந்தா காத்துப் படாது.”

“நான் அங்கால போனா நீ உடனே திறந்துருவாய். இந்தக் கொளுக்கி என்ட கைக்கு எட்டத்தான் இருக்கணும்.”

இவர் கோணிய வாயால், “அண்ணன் தோணியக் காவல் காக்கிறாருகா. விடு” என்றார். அண்ணனுக்கும் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, பிறகு நான்தான் அவருடைய நெஞ்சைத் தடவிவிட வேண்டியிருந்தது. அந்த இருமலைப் பார்த்தால் அவரையும் குறை சொல்ல மனம் வராது.

அந்தக் கிழமைதான் அம்மன் கோயில் குளிர்த்தி. எங்கள் பக்கத்தில் அம்மாளின் கோயில் வருசத்தில் ஒருக்காத்தான் கதவு திறக்கும். கடைசி நாளில், கோபத்தில் கொதிக்கிற அம்மாளின் சூடு தணியட்டும் என்று குளிர்த்தி பாடி, மஞ்சள் தண்ணியை வேப்பிலையால் தெளிப்பார்கள். இரவில் நடக்கிற சடங்கு, ஊரடங்கு என்றபடியால் பகலோடு முடித்தார்கள். தெளித்து மிஞ்சின தண்ணியைக் கட்டாடியார், அவர்தான் பூசை செய்கிறவர், என் செம்பில் வார்த்துத் தந்தார்.

வழியில் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிப் பொயின்றில் ஒருத்தன் செம்பைத் திறக்கச் சொன்னான். மஞ்சளாக இருந்ததைப் பார்த்துவிட்டு, குடித்துக் காட்டு என்று கையால் காட்டினான். அம்மாளே என்று ஒரு மிடறு குடித்தேன். போக விட்டான்.

அறைக்குள் போய் இவருடைய தலையிலும் நெஞ்சிலும் தெளித்தேன். குளிர்த்தித் தண்ணியை ஒருவருக்குத் தெளித்து ஒருவருக்கு விடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனால் ஈரம் என்றாலே ஒதுங்குகிற மனுசனுக்கு எப்படித் தெளிப்பது? வேப்பிலையும் கையுமாக நின்றேன்.

“என்னகா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? எனக்கில்லையா?”

“உங்களுக்கு இழுப்பு வந்துருமே அண்ணே.”

“அம்மாள்ற தண்ணியில எனக்கு என்ன வரப்போகுது. தெளி.”

துவாயை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தார். மெல்ல இரண்டு துளி தெளித்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, இவரைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்மாளுக்கு வேகுதெண்டு ஊரெல்லாம் கூடி நிண்டு குளிர வைக்கிறம். பக்கத்துல ஒரு மனுசன் வெந்துகொண்டு கிடக்கான், நான் கொளுக்கியப் புடிச்சிட்டுக் கிடக்கன்.” பிறகு என்னைப் பார்த்து, “அக்காவக் கூப்பிடு. கட்டிலத் தள்ளுங்க” என்றார்.

அக்காவும் நானும் கட்டில்களை மாற்றினோம். யன்னலைத் திறந்ததும் வாவிக் காற்று உள்ளே வந்தது. இவர் சட்டை இல்லாத முதுகை அதற்குக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார். கண்ணில் தண்ணி ஓடியது. நானும் துடைக்கப் போகவில்லை.

அண்ணனைச் சும்மா விடவில்லை. தங்கச்சி வீட்டிலிருந்த தடித்த கம்பளியில் கை வைத்த சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தேன். சுவர் மூலைக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பன்பாயைத் தொங்கவிட்டேன். அப்படியும் சில நாள் இருமுவார். இவர் உடனே, “சாத்துகா, அண்ணன் இருமுறாரு” என்பார். அவர் பாய்க்குப் பின்னாலிருந்து, “உன்ட முதுகப் பாருடா நீ” என்பார்.

ஆடி முடியுமுன் புண் காய்ந்து, பொருக்கும் உதிர்ந்தது. இவர் பிடித்துக்கொண்டு உட்காரப் பழகினார். தங்கச்சி புருசன் வீட்டுச் சுவரோடு ஒரு பத்தி இறக்கிக் கட்டில் போட இடம் செய்து தந்தான், இவரைக் கூட்டிப்போக வந்தோம். அம்மாளுக்கு நான் எத்தனை தரம் நன்றி சொன்னேனோ, அத்தனை தரம் அண்ணனுக்கும் மனதுக்குள் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னால் ஏசுவார்.

நாங்கள் வாசலுக்குப் போனதும் அண்ணன் கூப்பிட்டார்.

“புள்ள, போகக்குள்ள அந்த யன்னலச் சாத்திட்டுப் போ. இவ்வளவு நாளும் விறைச்சுப் போனன்.”

திரும்பிப் போய் அவருடைய கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளி, யன்னலைச் சாத்தி, கொளுக்கியையும் நானே போட்டேன்.