ஏணியோடு போன நோட்டரி

நீதிமன்ற வட்டாரத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. எல்லோருக்கும் அவர் சீல் அம்மா. நோட்டரி வேலை. நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையின் பாதி இடத்தில் ஒரு மேசை, ஒரு இரும்பு சீல், ஒரு நீளமான பதிவு நோட்டு. கையெழுத்துப் போடுபவர் இன்னார்தான், என் கண்ணெதிரே போட்டார் என்று சான்று தருவதுதான் தொழில். இருபத்திரண்டு வருஷத்தில் கண்ணால் காணாத கையெழுத்துக்கு அவர் சீல் வைத்ததே கிடையாது. மாமியார் தன் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பிய பத்திரத்தைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் மூன்று மாதம் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவசரத்தில் ஓடி வரும் வக்கீல்களுக்கு இந்தப் பிடிவாதம் பெரிய தலைவலி. வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு கட்சிக்காரரைக் கூட்டிவரப் போவார்கள். முக்கியமான வழக்கு என்றால் மட்டும் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

கொள்ளைநோய் பரவிய வருஷம் தேர்தலும் வந்து சேர்ந்தது. படுக்கையில் கிடப்பவர்கள் தபாலில் ஓட்டுப் போடலாம் என்று சட்டத்தில் இருந்தது. ஆனால் தேர்தல் அலுவலகம் ஒரு நிபந்தனையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டது. தபால் ஓட்டு விண்ணப்பத்தோடு தரும் உறுதிமொழிப் படிவத்தில் வாக்காளர் கையெழுத்துப் போடும்போது, நோட்டரி அதே அறையில் இருக்க வேண்டும். நுரையீரல் போனவர் வீட்டுக்குள் எந்த நோட்டரியை விடுவார்கள்?

அப்படி மாட்டிக்கொண்ட பதினோரு பேருக்காக ஒரு வக்கீலம்மா வழக்குப் போட முன்வந்தார். முதல் மனுதாரர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். இரண்டாவது மாடியில் ஆக்சிஜன் இயந்திரமும் அவரும் மட்டும். சாப்பாடுகூட வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த தேர்தல்வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் அவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதனால் இந்த ஒரு ஓட்டை எப்படியாவது போட்டுவிட வேண்டும் என்று அவர் துடித்தார்.

வழக்குக்குப் பதினோரு பேரின் பிரமாணப் பத்திரங்களும் தேவைப்பட்டன. வக்கீலம்மா பத்திரக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அக்கா, எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்க. சீல் மட்டும் வெச்சுக் குடுங்க. நாளன்னிக்குத் தாக்கல் பண்ணணும்."

"நான் பாத்தேனா?"

"எப்படிக்கா பாப்பீங்க? உள்ளயே விடமாட்டாங்களே. கேஸே அதுக்குத்தானே!"

"பாக்காததப் பாத்தேன்னு நான் எழுதிக் குடுப்பேன். அதைக் கையில வெச்சுக்கிட்டு, தபால் ஓட்டுல தில்லுமுல்லு நடக்காதுன்னு நீங்க வாதாடுவீங்க. நல்லா இருக்கும்மா கதை!"

சீல் அம்மா அந்தக் கட்டை ஒதுக்கிவிட்டு, கையெழுத்து இல்லாத புதுப் பிரதிகள் கேட்டார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார். கணவர் எலக்ட்ரீஷியன்.

"ஏங்க, ஏணிய எடுத்துட்டு வாங்க."

"எந்த வீட்ல கரண்ட் இல்ல?"

"கரண்ட் எல்லாம் இருக்கு. ஓட்டுதான் இல்ல."

"கரண்ட்டுக்கே பயப்படாதவன் நான். உன்கூட ஏணி தூக்கிட்டு வர்றதுக்குத்தான் பயமா இருக்கு," என்றார் மனிதர். ஆனாலும் அரைமணி நேரத்தில் வந்து நின்றார்.

இரண்டு நாளில் பதினோரு ஜன்னல்கள். காகிதமும் பேனாவும் வாசலில் வைக்கப்படும். மனுதாரர் அடையாள அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்ட வேண்டும், பிறகு அம்மா பார்க்கும்படி கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வீட்டில் ஏணியைச் சாத்தியதும் பக்கத்து வீட்டுக்காரர் திருடன் திருடன் என்று கத்திவிட்டார். சீலைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் ஓய்ந்தார்.

டிரைவர் வீட்டு மாடிக்கு ஏணி எட்டவில்லை. அம்மா எதிர்வீட்டுக்காரரைக் கெஞ்சி அவர் மொட்டைமாடியில் ஏறினார். டிரைவர் கயிற்றில் வாளி கட்டி அடையாள அட்டையை இறக்கினார். கணவர் அதை எதிர்மாடிக்குக் கொண்டுவந்து காட்ட, அம்மா முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அட்டையும் காகிதமும் வாளியில் மேலே போயின. ஜன்னலோரம் பலகையை மடியில் வைத்து டிரைவர் கையெழுத்துப் போட்டார்.

அச்சடித்த சான்றில் 'என் அருகில் இருந்து' என்று இருந்தது. அம்மா அதை அடித்துவிட்டு, 'எதிர்வீட்டு மாடியிலிருந்து, நடுவே தெரு இருக்க, நான் தெளிவாகப் பார்க்க' என்று கையால் எழுதினார்.

"அக்கா, இது நமக்கு நாமே குழி தோண்டிக்கிற மாதிரி இருக்கே," என்றார் வக்கீலம்மா.

"நடந்தது அதுதானே!"

பயந்தபடியே ஆயிற்று. விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. அரசு வக்கீல் அந்த வரியை எடுத்து வாசித்துவிட்டுச் சிரித்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததெல்லாம் சாட்சியா, மனுவையே தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார். நீதிபதி அம்மாவைத் திரைக்கு அழைத்தார். அவர் மாடியில் நின்று எழுதிய பதிவு நோட்டின் படமும் நீதிபதியிடம் இருந்தது.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து என்னம்மா பாத்தீங்க?"

"இடது கையாலதாங்க போட்டார். வலது கையில ஊசி குத்தி பிளாஸ்டர் ஒட்டியிருந்துச்சு. முதல் பேனா எழுதல, உதறிப் பாத்துட்டு வேற எடுத்தார். பாதியில மூச்சு வாங்கிச்சு, நிறுத்திட்டுத்தான் முடிச்சார். சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல."

நோட்டில் அத்தனையும் இருந்தது. நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்தார். "ஒரே ரூம்ல உக்காந்து சீல் வைக்கிறவங்க இவ்வளவு பாக்கறாங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் தீர்ப்பு வந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்றும் சான்று தரலாம். எங்கே நின்று எப்படிப் பார்த்தேன் என்பதை நோட்டரி எழுத வேண்டும். டிரைவர் போனில் அழுதேவிட்டார். அதன்பின் தபால் ஓட்டு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்வரை சீல் அம்மா ஏணியும் கணவருமாக ஊரைச் சுற்றினார். எத்தனை ஜன்னல் என்று அவரே கணக்கு வைக்கவில்லை. அவரை மாதிரி ஒருவர் அந்த வருஷம் இருந்தது நம் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

கடைசி நாளுக்கு மறுநாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பரிசோதனையில் அதே நோய் என்று தெரிந்தது. மூன்று வாரம் வெளியே போகக் கூடாது. தேர்தலுக்கு இன்னும் பத்து நாள்தான்.

வக்கீலம்மா பதறிப்போய்க் கூப்பிட்டார். "அக்கா, தபால் ஓட்டுக்கு நேத்துத் தேதி போட்டு அப்ளிகேஷன் எழுதுங்க. நான் உள்ள சேத்துடறேன். ஒரு நாள்தானே, உங்களைப் போய் யாரு குத்தம் சொல்லப் போறாங்க?"

"நேத்து எனக்குக் காய்ச்சலே இல்லையேம்மா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

வாக்குப்பதிவு அன்று அவர் தனியறையில் கட்டிலில் கிடந்தார். கணவர் கதவுக்கு வெளியே சுடுதண்ணீர் வைத்துவிட்டுப் போனார். மதியம் டிரைவரிடமிருந்து போன் வந்தது. இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே குரல் உற்சாகமாக இருந்தது.

"அம்மா! என் ஓட்டு போய்ச் சேந்துடுச்சாம். ரசீது வந்திருக்கு. நீங்க காலையிலேயே போட்டிருப்பீங்களே?"

"நீங்க போட்டீங்கல்ல, ரொம்ப சந்தோஷம்," என்றார் அவர். அது உண்மையான சந்தோஷம்தான். போனை வைத்த பிறகு, அந்த மனிதர்மேல் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சிறுபிள்ளைபோல் அழுதார்.