ஒரு சொல்லுக்குப் பன்னிரண்டு நாள் மறியல்

என் அண்ணன் மறியலுக்கு, அதாவது சிறைக்குப் போனது என் வாயால்தான். இதை ஒரே ஒரு தடவை, கோட்டில் சாட்சிக் கூண்டில் நின்று, சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். எழுத்தில் இப்போதுதான் வைக்கிறேன்.

தேயிலை விலை விழுந்துபோன வருஷங்கள் அவை. ஹந்தானைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பாதி மலையைக் காடாக விட்டுவிட்டார்கள். வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் போனார்கள். அண்ணன் போகவில்லை. அதற்குக் காரணம் நான். கண்டியில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். தை பிறந்ததும் என்னை அங்கேயே உதவி வாத்தியாராக எடுத்துக்கொள்வதாகத் தலைமைப் பாதிரியாரான பெரிய சுவாமியார் சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் பெருவிரல் ஒற்றாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். "இவன் வாத்தியாரா நாற்காலியில ஒக்காந்ததப் பாத்துட்டு நான் வாறேன்" என்று சொல்லித்தான் அண்ணன் அவர்களை ரயிலேற்றினார்.

அண்ணன் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒரு முறை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் புதுக் கொழுந்து அடிக்கும். அதற்குத் தோட்டத்தில் கவ்வாத்து என்று பெயர். வளைந்த கத்தி, ஒரே இழுப்பில் கிளை துண்டாக வேண்டும், பட்டை கிழியக் கூடாது. அண்ணன் வெட்டிய செடியில் வெட்டுவாய் கண்ணாடி மாதிரி இருக்கும் என்பார்கள். அந்த வேலையும் நின்றுபோய், வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டும் கொடுத்து, குடியிருந்த லயத்துக் காம்பராவையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மாத்தளைப் பக்கம் ஒரு கங்காணி, கவ்வாத்துக்கு இருபது ஆள் வேண்டும், கத்தியோடு வாருங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். தை வரைக்கும் எனக்கும் அங்கே ஏதாவது சின்ன வேலை கிடைக்கும் என்று இரண்டு பேருமாகப் புறப்பட்டோம்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் டவுனைத் தாண்டி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று ரொட்டி தின்றோம். அண்ணன் சாக்கில் சுற்றிய கத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பள்ளிக்கூடத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு, புத்தகக் கட்டோடு பத்தடி பின்னால். வேண்டுமென்றுதான் பின்னால் வந்தேன். எதிரே வருகிறவர்கள் எங்களை ஒன்றாகப் பார்க்க வேண்டாம் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

அக்குறணையை நெருங்கும்போது ஒரு பொலிஸ்காரர் மறித்தார். முதல் நாள் அங்கே ஒரு கடையின் பின்கதவை உடைத்து, துணி மூட்டையைத் தூக்கிப் போயிருந்தார்கள். சாக்கை அவிழ்க்கச் சொன்னார். கத்தியைப் பார்த்ததும் எங்களை ஸ்டேசனுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே சார்ஜன் நீண்ட மர வாங்கில் சாய்ந்து உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கடை முதலாளியைக் கூப்பிட்டார்கள். தொப்பி போட்ட, வயதான மனிதர். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவங்க இல்ல சேர். நான் கண்டவன் கட்டையான ஆளு" என்று சொல்லிவிட்டு, அண்ணனிடம், "ஒங்கட தம்பியா? படிச்ச புள்ள மாதிரி ஈக்கி" என்றார்.

"ஆமாங்க. வாத்தியாரு" என்றார் அண்ணன். இன்னும் ஆகவில்லையே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

சார்ஜன் கத்தியின் கூரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, இது எதற்கு என்று அண்ணனிடம் சிங்களத்தில் கேட்டார். அண்ணனுக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல்தான். குனிந்து, இரண்டு கையாலும் காற்றில் செடி வெட்டிக் காட்டி, "வெட, மாத்தயா. தே வெட" என்றார். வெட என்றால் வேலை, தே என்றால் தேயிலை. மறுபடியும் குனிந்து, இல்லாத செடியை இழுத்து வெட்டி, வெட்டிய கிளையை ஓரமாக எறிந்தும் காட்டினார். சார்ஜன் சிரித்தார். பொலிஸ்காரரும் சிரித்தார். கத்தியைத் திருப்பிக் கொடுக்கச் சார்ஜனின் கை நீண்டுவிட்டது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அவர்கள் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. என் அண்ணன் ஒரு பொலிஸ் ஸ்டேசனில் குரங்காட்டம் ஆடிக் காட்டுகிறார், எட்டாம் வகுப்பு முடித்த நான் சும்மா நிற்கிறேன். ஓரடி முன்னால் வைத்து, இங்கிலீஷில், "ஐயா, நான் விளக்கிச் சொல்கிறேன்" என்றேன்.

சார்ஜனின் சிரிப்பு நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தார். கத்தி மேசைக்குத் திரும்பிப் போனது. பதிவுப் புத்தகத்தை இழுத்து, பேனாவை மையில் தோய்த்தார். இங்கிலீஷில் சொன்னதை எழுதித்தான் ஆக வேண்டும் போலிருந்தது. இந்த ஆள் கத்தியோடு எங்கே போகிறான் என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் அண்ணனைக் கேட்டேன்.

"கவ்வாத்துக்குப் போறோம்னு சொல்லுடா. வேற என்னத்துக்குப் போவாங்க?"

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி, விசில் ஊதி, இடம் வலம் என்று நடக்க விடுவார்கள். அறிவிப்புப் பலகையில் அதைத் தமிழில் 'கவாத்து' என்றும், கீழே இங்கிலீஷில் 'டிரில்' என்றும் எழுதியிருக்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரு முடிவு: தோட்டத்து ஜனங்கள் நல்ல சொல்லில் ஒரு 'வ்'வைக் கூடப் போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். செடி வெட்டுவதற்கு இங்கிலீஷில் தனிச் சொல் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பாடப்புத்தகத்தில் இங்கிலாந்துப் பூக்கள் பன்னிரண்டுக்குப் பெயர் இருந்தது. அப்பாவும் அண்ணனும் செய்த வேலைக்குப் பெயர் இல்லை.

"டிரில்லுக்குப் போகிறார்" என்றேன்.

"கத்தியோடா?"

"ஆமாம் ஐயா. எல்லாரும் கத்தி கொண்டுபோக வேண்டும்."

"எத்தனை பேர்?"

"இருபது."

"யார் நடத்துகிறது?"

"கங்காணி."

ஒவ்வொரு பதிலிலும் வினைச்சொல் சரியாக விழுந்ததா என்பதில்தான் என் கவனம் இருந்தது. சார்ஜன் நிறைய எழுதினார். இவ்வளவு எழுதுகிறாரே, மதிப்பாக நினைக்கிறார் போல என்று எண்ணிக்கொண்டேன். அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "என்னடா இவ்வளவு எழுதுறாரு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லண்ணே, உங்க விவரந்தான்" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, பொலிஸ்காரர் அண்ணனின் கையில் விலங்கை மாட்டினார். கடை முதலாளி, "சேர், இவர் இல்லண்டு சொல்றேனே" என்றார். சார்ஜன் அவரைப் பார்க்கவே இல்லை. இப்போது அவருக்கு வேண்டியிருந்தது ஒரு திருடன் அல்ல. கத்தி வைத்துக்கொண்டு அணிவகுக்கிற இருபது பேர்.

அண்ணனைக் கண்டிச் சிறைக்கு அனுப்பினார்கள். கோட்டு மாட்டி, புத்தகம் வைத்திருந்த என்னைச் சாட்சி என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

திரும்பிக் கண்டிக்குத் தனியாக நடந்தேன். அதே பாலம், அதே ஆறு. காலையில் பத்தடி முன்னால் போனவர் இல்லாமல் அந்த ரோட்டு அகலமாகத் தெரிந்தது. போக இடமில்லை. லயத்தில் எங்கள் காம்பராவில் வேறு குடும்பம் வந்திருக்கும். சுவாமியாரிடம் போனால் என்ன நடந்தது என்று கேட்பார். கோயில் மண்டபத்தில் படுத்துக்கொண்டு, பகலெல்லாம் வாவியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். தெரியாத ஊரில் தனியாக இருப்பது ஒரு மாதிரி. எட்டு வருஷம் படித்த ஊரில், பேச ஓர் ஆள் இல்லாமல் இருப்பது வேறு மாதிரி. கண்டியில் எனக்கு இருந்த ஒரே சொந்தம் சிறைச் சுவருக்கு உள்ளே இருந்தது. அந்தச் சுவரை ஒட்டிய ரோட்டிலும் நடந்தேன். உள்ளே இருமுகிற சத்தம் கேட்டால் நின்று கேட்பேன், அண்ணனின் இருமலா என்று.

மூன்றாம் நாள் ஹந்தானைக்கு ஏறி, தோட்டத்து ஆபீசான கந்தோரில் கிளாக்கரைப் போய்ப் பார்த்தேன். அண்ணன் அங்கே வேலை செய்தவர் என்று ஒரு துண்டுச் சீட்டு வாங்கி வரலாம் என்று எண்ணம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நடந்ததைச் சொன்னேன்.

"டிரில் எண்டோ சொன்னனீர்?"

"ஆமாங்க ஐயா. கவாத்து என்றால் டிரில்தானே?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஐயோ தம்பி, அது புரூனிங் எல்லோ! இந்தக் கந்தோரிலை ஒரு நாளைக்கு நூறு தரம் எழுதுறன். இருபது பேர் கத்தியோடை டிரில்லோ! நல்ல காலம், பீரங்கி எண்டு சொல்லேல்லை."

நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் அவரும் நிறுத்தினார். துண்டை எழுதித் தந்தார். "ஆனால் இது மட்டும் காணாது" என்றார். "பொலிசுக்காரன் எழுதினது உம்முடைய வாய்மொழி. பிழை என்ரை எண்டு நீர்தான் கோட்டிலை ஏறிச் சொல்ல வேணும். சொல்லுவீரோ?"

"சொல்லுறேனுங்க" என்றேன். மலையிறங்கும்போது புரூனிங், புரூனிங் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பெரிய சுவாமியார் என்னை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது என் இங்கிலீஷுக்காக. அது பிழை என்று நானே ஊர் கூடிய இடத்தில் சொன்னால், தையில் எனக்கு நாற்காலி ஏது? சொல்லாவிட்டால் அண்ணன் எவ்வளவு காலம் உள்ளே இருப்பார்?

ஞாயிற்றுக்கிழமை சிறையில் அண்ணனைப் பார்க்க விட்டார்கள். இரண்டு வரிசைக் கம்பிவலை, நடுவே காவலுக்கு ஒரு கார்ட் நடந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அண்ணனின் முகம் வலைக்குப் பின்னால் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

"சாப்பிட்டியாடா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம், "அந்தச் சார்ஜன் நல்லாத்தானே சிரிச்சிக்கிட்டு இருந்தான்? நீ என்னடா சொன்ன?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஒருத்தி ஓவென்று அழுதாள். கார்ட் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்ணே. அவன்தான் பிழையா எழுதிக்கிட்டான்" என்றேன்.

"நாசமாப் போக" என்று சார்ஜனைத் திட்டினார் அண்ணன். "நீ கவலப்படாத. நீதான் இங்கிலீசு படிச்சிருக்கியே, கோட்டுல எடுத்துச் சொல்லு."

பன்னிரண்டாம் நாள் கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் ஏறினேன். கிளாக்கரின் துண்டைக் கொடுத்தேன். இங்கிலீஷிலேயே சொன்னேன்: இவர் என் அண்ணன், புரூனிங் செய்யப் போனார், அந்தச் சொல் எனக்குத் தெரியாது, டிரில் என்று சொன்னது என் பிழை. நீதவான் துண்டைப் படித்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். வக்கீல்களான புரோக்டர்மார் மேசையில் தொடங்கிய சிரிப்பு கடைசி வாங்கு வரை போயிற்று. அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். அதைத் தாங்கிக்கொண்டேன்.

எதிர்பார்க்காதது அடுத்தது. கோட்டில் சொல்வதையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு அவருடைய மொழியில் சொல்ல வேண்டும் என்பது முறை. மொழிபெயர்க்கும் முதலியார் அண்ணன் பக்கம் திரும்பி, கணீரென்று சொன்னார்: "கவ்வாத்து எண்டு நீர் சொன்னதை, டிரில் எண்டு உம்முடைய தம்பிதான் பொலிசிலை பிழையாச் சொன்னவராம்."

கோட்டில் இருந்த எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. முதலியாரைப் பார்த்தார். "தம்பியா சொன்னது?" என்று கேட்டார். "ஓம், அவரே சொல்லுறார்" என்றார் முதலியார். அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வழக்குத் தள்ளுபடியானது. கோட்டு வாசலில் வெயில் நன்றாக அடித்தது. அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். மெலிந்திருந்தார். எதிரே இருந்த கடையில் இரண்டு தேத்தண்ணீர் வாங்கினேன்.

"உள்ள தெனம் காலையில வரிசையா நிக்க விட்டு, எண்ணி, நடக்க விடுறாங்க" என்றார் குடித்துக்கொண்டே. "நீ சொன்ன டிரில்லு அதுதான் போலருக்கு. பன்னெண்டு நாளும் போட்டுட்டேன்."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்லு தெரியாமப் போறது தப்பில்லடா. எனக்கு எத்தனை சொல்லு தெரியும்? வலைக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டேனே. எங்கிட்ட ஏன் மாத்திச் சொன்ன?"

ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோட்டில் அந்நியர்கள் முன்னால் ஒப்புக்கொள்ள முடிந்தது, இவரிடம் முடியவில்லை. இவர் ஒருவர்தான் என் படிப்பை முழுசாக நம்பியவர். அதனால் இருக்கலாம்.

மாத்தளையில் கவ்வாத்துக்கு இந்நேரம் ஆள் எடுத்து முடிந்திருக்கும். அங்கிருந்து மேலே எங்காவது போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"வேணாம். நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போங்க, தம்பி" என்றார்.

அண்ணன் என்னை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. கந்தோரில் கிளாக்கரிடம் பேசுவாரே, அந்தக் குரல். நான் இனி அந்தப் பக்கத்து ஆள் என்று முடிவு பண்ணிவிட்ட மாதிரி. போய்க்கொண்டே இருந்தார். பின்னால் போக எனக்குக் கால் வரவில்லை.

தையில் சுவாமியார் வேலை கொடுத்தார். கோட்டுக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. "இங்கிலீஷ் இப்போதைக்கு வேண்டாம், பாலர் வகுப்பை எடு" என்றார். எடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். அதைப் பார்க்க வேண்டியவர் வரவில்லை.

அடுத்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து, யாரோ எழுதிக் கொடுத்தது. கீழே அண்ணனின் பெருவிரல் ரேகை. வேலை கிடைத்திருக்கிறது, சுகமாக இருக்கிறேன், தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் என்று நாலு வரி. கடிதம் முழுக்க 'தாங்கள்', 'தாங்கள்' என்றே இருந்தது. கடிதம் எழுதிக் கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் சொன்ன சொல் எது, எழுதியவர் மாற்றிப் போட்ட சொல் எது என்று கண்டுபிடிக்க, அதைப் பல தடவை படித்துப் பார்த்திருக்கிறேன்.