தட்டச்சுப் பலகையின் பின்னால் நெட்போன்

இராயபுரம் கல்மண்டபம் அருகே தாஹிரா நடத்திய கடையில் கணினிகள் நான்கு. வாயிற்பலகை ‘டைப்பிங் பயிற்சி’ என்றது. இணையத்தின் வழியே வெளிநாட்டுக்குத் தொலைபேசுவதைச் சட்டம் தடுத்திருந்த காலம் அது. வளைகுடாவில் கணவர் உழைக்க, இங்கே அவர்கள் குரலுக்காக ஏங்கியும் ஐ.எஸ்.டி. கட்டணம் கட்ட முடியாத பெண்களே தாஹிராவிடம் ‘பயில’ வந்தவர்கள். பிடிபட்டால் கணினிகள் பறிபோகும். பிள்ளைகளின் சோறும் உடன் போகும். ஆகவே கதவு திறக்கும்போதெல்லாம் தாஹிரா இருமுவார். காதுக்கருவிகள் மடிக்கு இறங்கும். விரல்கள் எழுத்துகளைத் தட்டும்.

2001 சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை. வளைகுடாவில் விடுமுறை நாள். காசிமேட்டுக் கன்னியம்மா, பஹ்ரைனில் இருந்த கணவர் பாஸ்கரோடு பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. கரைவேட்டியும் கையில் நோட்டீசுமாய் நின்றவர் வட்டச் செயலாளர் தவசிமுத்து.

இருமல் எழுந்தது. விரல்கள் ஓடின.

“இன்னாக்கா, ஊரே டைப்படிக்குது? நம்ம கட்சி வந்தா தெருவுக்குத் தெரு இண்டர்நெட்டு. நோட்டீஸ்ல போட்டுகீது பாரு.”

“நெட்ல பேசிக்கலாம்னு போட்டுகீதாண்ணே?” கேட்ட பிறகே தாஹிரா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அது டெல்லி சமாச்சாரம். எந்தக் கட்சியும் அத்தப் பேசல. இன்னாத்துக்குக் கேக்கற?”

அவ்வேளை கன்னியம்மாவின் மடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது: “இன்னாம்மே, லைன்ல கீறியா?”

தாஹிரா மீண்டும் இருமினார். தவசிமுத்து அந்த மடியைப் பார்த்தார், தாஹிராவைப் பார்த்தார், நோட்டீசை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மூன்று நாளும் தாஹிரா தெருவில் ஜீப் ஓசை கேட்டால் மெயின் ஸ்விட்சை அணைத்தார். நான்காம் நாள் தவசிமுத்து மீண்டும் வந்தார், தனியே, கட்சித் துண்டு இல்லாமல். நீட்டிய சீட்டில் ஒரு குவைத் எண்.

“என் தங்கச்சி சொக்கம்மா. வூட்டு வேலைக்குப் போச்சு. நாலு மாசமா குரலே இல்லக்கா. ஒரு வாட்டி போட்டுக் குடு.”

பலமுறை விரித்து மடித்ததில் சீட்டு மடிப்போரம் கிழிந்திருந்தது. உண்மையாக இருக்கலாம், போலீஸ் விரித்த வலையாகவும் இருக்கலாம்.

“இங்க டைப்பிங் மட்டுந்தாண்ணே.”

“நா யாராண்டயும் சொல்லலியேக்கா.”

“டைப்பிங் மட்டுந்தான்.”

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் தடை நீங்கியது. தாஹிரா ‘நெட்போன்’ என்று பெரிய எழுத்தில் பலகை மாற்றினார், இருமுவதை விட்டார். தவசிமுத்து நாள்தோறும் அவ்வழியே போனார். பலகையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சொக்கம்மா பேசினாளா, ஊர் திரும்பினாளா? நிறுத்திக் கேட்டுவிட வேண்டும் என்று வாயிற்படி வரை தாஹிரா வருவார். வரக்கூடிய பதிலை எண்ணியதும் கால் அங்கேயே நின்றுவிடும்.