சுவரேறிய மழை

சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளார்க்காக இருந்தபோது, புதிதாக வந்த மேனேஜர் துரை மழைக்கு ஒரு படம் வரையச் சொன்னார். கீழே படுத்த கோட்டில் நாள். இடப்பக்கம் நிற்கும் கோட்டில் மழை. அன்றன்று பெய்ததை முன்பு பெய்ததோடு கூட்டிப் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைக்க வேண்டும். ஓர் அங்குல மழைக்குத் தாளில் எவ்வளவு இடம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்காமல் ஓர் அங்குலமே கொடுத்துவிட்டேன்.

சுவரில் ஒட்டியிருந்த தாள் ஆடியில் தீர்ந்தது. மேலே இன்னொன்று ஒட்டினேன். அதுவும் போதவில்லை. ஏணியில் நின்று, கூரைக்கு ஒரு சாண் கீழே நான் புள்ளி வைத்துக்கொண்டிருந்த காலையில், கங்காணி தன் ஆட்களோடு வந்து நின்றார்.

"கிளார்க்கையா, கும்பிட்டுக் கேக்கோம். அந்தக் கோட்டை இறக்கிருங்க. லயத்து வீடுகள்ல அடுப்பு பத்தி நாலு நாளாச்சு."

"மழை பெய்யுறதாலதான் கோடு ஏறுது, கங்காணி."

"அதைத்தான் நாங்களும் சொல்லுதோம். ரெண்டும் சேந்துதான் ஏறுது."

துரையிடம் போனேன். கூரையில் ஓட்டை போடலாமா என்று யோசித்தார். மழை உள்ளே வரும் என்றேன். கடைசியில், பத்து அங்குல மழைக்கு ஓர் அங்குலம் என்று புதுத்தாளில் வரைந்தேன். கூரையைத் தொடப்போன கோடு ஒரு சாணுக்குள் அடங்கியது.

கங்காணி அதைப் பார்த்துக் கண் கலங்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய், "மழை குறைஞ்சிட்டு! மழைக்குப் போர்த்துற கம்பளியெல்லாம் வீட்டுல வச்சிட்டு வாங்க!" என்று எல்லோரையும் மலைக்கு ஏற்றினார்.

மத்தியானம், கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி தெப்பமாக நனைந்து நேரே ஆபீசுக்குள் வந்தாள். பின்னாலேயே கங்காணியும் நனைந்து வந்தார்.

"இதுல மழை எந்தக் கோடு?" என்றாள். காட்டினேன். தாளில் ஓர் அங்குலம் என்றால் வெளியே பத்து என்றும் சொன்னேன். சற்றுநேரம் பார்த்துவிட்டுக் கங்காணியிடம் திரும்பினாள்.

"பத்துக் கூடைக்கு ஒரு புள்ளி வச்சா, நான் ஒரு கூடைதான் பறிச்சேன்னு ஆயிருமா?"

கங்காணிக்கு முகம் வெளுத்தது. "அப்ப மழை குறையலையா?"

"வெளிய பாரும்" என்றாள் அவள்.

மறுநாள் கம்பளியில்லாமல் ஒருவரையும் அவர் மலையேற விடவில்லை. அன்றைக்கென்று பார்த்து வெயில் கொளுத்தியது. வேர்த்து ஊற்றியும், "கிளார்க்கையா புள்ளி வைக்கட்டும், அப்புறம் கழத்தலாம்" என்றாராம். மழை இல்லாததால் கோடு ஏறாமல் நேராகப் போனது. அதை நான் மேட்டில் ஏறிக் கத்திச் சொன்ன பிறகுதான் கம்பளிகள் கழன்றன.